தொட்டால் வாடாது

கார்த்திகை மாதம். இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. சீசன் பூச்செடி வாங்கலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு, கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். எங்களுக்கு முன்பே ஒரு தம்பதி ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். கணவர் உள்ளே நின்றார். மனைவி வாசலுக்கு வெளியே, ஸ்கூட்டரைப் பிடித்தபடி, அங்கிருந்தே செடி தேர்வு செய்துகொண்டிருந்தார்.

"துளசி நல்லதாப் பாத்து எடுங்க. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல."

கணவருக்குத் துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே வேலை செய்யும் அக்கா சிரித்துக்கொண்டே, "நீங்களே உள்ள வந்து பாத்து எடுங்கம்மா" என்றார்.

"இல்லம்மா. நான் செடிகிட்ட வரக்கூடாது, மூணு நாளு. நீயே உன் கையால நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு."

அந்த அக்கா எடுத்துக் கொடுத்தார். கவரின் அடியைத் தட்டி, மேலே முற்றியிருந்த கதிரைக் கிள்ளி எறிந்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஸ்கூட்டர் போனது. தொட்டியில் கை கழுவ வந்தவர், என்னிடம் சொல்வதுபோலவும் தண்ணீரிடம் சொல்வதுபோலவும் சொன்னார்: "எனக்கும் இன்னிக்கு ரெண்டாம் நாளுதான். காலையிலேர்ந்து எத்தினி செடியத் தொட்டிருப்பேன்!"

என் மகள் சிரித்துவிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம்தான் அவளுக்கு மாதவிடாய் வந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் என் அம்மா அவளிடம், "இந்த நாள்ல கறிவேப்பிலைச் செடிகிட்டப் போகாதடி, பட்டுப்போயிடும்" என்று சொல்லியிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பேசாமல் இருந்ததற்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் ஒரு எளிய கணக்கு. மாதவிடாயில் இருக்கும் பெண் தொட்டால் செடி வாடும் என்பது உண்மையானால், பூந்தமல்லிச் சாலையில் ஒரு நர்சரிகூட இருக்க முடியாது. கடையைத் திறந்த ஒரே மாதத்தில் எல்லாம் சருகாகியிருக்க வேண்டும்.

நர்சரியில் என்ன வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். செம்மண், மணல், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு எல்லாவற்றையும் கலப்பது, கறுப்புக் கவரில் நிரப்புவது, குழித்தட்டில் விதை போடுவது, இரண்டு இலை விட்டதும் நாற்றைப் பிரித்து நடுவது, பதியன் கட்டுவது, களை எடுப்பது, காலையும் மாலையும் தண்ணீர் விடுவது. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஊரே நர்சரி. சென்னைக்கு வரும் செடிகளில் ஏராளமானவை அங்கிருந்துதான் லாரியில் வருகின்றன. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகின்றன. எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, விதையிலிருந்து உங்கள் வாசல்படிவரை அந்தச் செடியைத் தொட்டுத் தொட்டு வளர்த்ததில் பெரும்பங்கு பெண்களின் கை. அந்தப் பெண்களுக்கு மாதத்தில் மூன்று நாள் விடுமுறை கிடையாது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே வருகிறார்கள், தொடுகிறார்கள். செடி வளர்கிறது.

அதாவது, வீட்டில் "தீட்டு" என்று தள்ளிவைக்கப்பட்ட துளசி, ஏற்கெனவே பல முறை அந்தத் "தீட்டு" கையால் தண்ணீர் குடித்துத்தான் வந்திருக்கிறது. கூலிக்குத் தொட்டால் வாடாத செடி, வீட்டுப் பெண் தொட்டால் மட்டும் வாடுமா? அப்படியானால் அந்த விதி செடிக்காக எழுதப்பட்டதில்லை.

நர்சரியில் தொட்டால் சுருங்கும் செடி ஒன்றே ஒன்றுதான் உண்டு: தொட்டாற்சிணுங்கி. அது ஆண் தொட்டாலும் சுருங்கும்.

*

"சும்மாவா சொல்லியிருப்பாங்க? அதுல ஏதோ சயின்ஸ் இருக்கு" என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெரும்பாலும் படித்தவர்கள். எனவே அந்த சயின்ஸையும் பார்த்துவிடுவோம்.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் பிறந்ததில்லை. கிபி முதல் நூற்றாண்டில் ரோமில் பிளினி என்ற அறிஞர் இயற்கை வரலாறு என்று பெரிய நூல் எழுதினார். மாதவிடாயில் இருக்கும் பெண் அருகில் வந்தால் திராட்சை ரசம் புளிக்கும், தோட்டத்து விதைகள் காயும், மரத்துக் கனி உதிரும் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். ரோமாபுரிப் பெண்களும் நம் பாட்டிகளும் ஒரே பழியைச் சுமந்திருக்கிறார்கள்.

பத்தொன்பது நூற்றாண்டு கழித்து அதே பழி மருத்துவர் வேடம் போட்டு வந்தது. வியன்னாவில் பேலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனையைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அவருக்கு வந்த பூக்களைத் தண்ணீரில் வைக்கும்படி வீட்டுப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் பூ வாடியிருந்தது. கேட்டதற்கு, தனக்கு மாதவிடாய் என்றும், அந்த நாளில் தான் தொடும் பூ எப்போதும் வாடிவிடும் என்றும் அந்தப் பெண் சொன்னார். மருத்துவர் அதை நம்பினார். சில பெண்களிடம் பூக்களைக் கொடுத்து வாடுகிறதா என்று பார்த்தார். 1920இல் "மாதவிடாய் நஞ்சு" என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்ணின் வியர்வை வழியாக ஒரு விஷம் வெளியேறுகிறதாம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வாளர்கள் அதே பத்தாண்டில் நாற்றுகளை வைத்து அந்த விஷத்தைத் தேடினார்கள். 1974இல்கூட லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கடிதங்கள் வந்தன.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடியும் அந்த விஷம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. மாதவிடாயில் வெளியேறுவது ரத்தமும் கருப்பை உள்சுவரின் திசுவும் சளிநீரும்தான். விரல் நுனியில் எதுவும் சுரப்பதில்லை.

எனக்கு அந்தக் கதையில் மருத்துவரைவிடப் பணிப்பெண்தான் மனதில் நிற்கிறார். பூ வாடியதற்கு எத்தனையோ காரணம் இருந்திருக்கலாம். பூ வரும்போதே பழையதாக இருந்திருக்கலாம், காம்பை வெட்டாமல் வைத்திருக்கலாம், அறை சூடாக இருந்திருக்கலாம். ஆனால் முதலாளி கேட்டதும் அவர் தன் உடம்பையே காரணமாகச் சொன்னார். அந்தப் பதிலை அவருக்குச் சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், என் மகளுக்கு என் அம்மா சொல்லிக்கொடுத்ததைப்போல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நர்சரியில் ரோஜாவுக்கு எலும்புத்தூள் விற்கிறார்கள். செத்த மாட்டின் எலும்பு. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் விற்கிறார்கள். சாணமும் மாட்டுச் சிறுநீரும் கலந்த பஞ்சகவ்யம் விற்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கரைத்துத் துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுகிறோம். செடி செழிக்கிறது, நமக்கும் பக்தி குறைவதில்லை. மாட்டின் சிறுநீரைக் குடித்துத் தழைக்கும் செடி, ஒரு பெண்ணின் நிழல் பட்டால் செத்துவிடும் என்று நம்புவதற்கு அபாரமான துணிச்சல் வேண்டும்.

*

செடி வாடத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வாங்கி வந்த செடிகளில் பாதி பட்டுப்போகாத வீடு சென்னையில் எது? ஏன் வாடுகிறது என்று தெரிந்துகொள்வது பெண்களுக்கு ஒரு தற்காப்பு. காரணம் தெரியாத இடத்தில்தான் பழி வந்து உட்காரும், அது எப்போதும் வீட்டில் குரல் குறைந்தவர் மேல்தான் உட்காரும்.

சீசன் பூக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜினியா, செண்டுமல்லி, காசித்தும்பை, காஸ்மாஸ், கோழிக்கொண்டை போன்றவை ஓராண்டுச் செடிகள். முளைத்து, பூத்து, விதை கட்டி, சாவதுதான் அவற்றின் முழு ஆயுள். நம் வெயிலில் அது மூன்று, நான்கு மாதத்தில் முடிந்துவிடும். பெட்டூனியாவுக்கு நம் மார்கழிக் குளிர்தான் சொர்க்கம். பங்குனி வெயில் வந்தால் நீங்கள் என்ன செய்தாலும் போய்விடும். நர்சரிக்காரர்கள் அதை நமக்குச் சொல்வதில்லை. கார்த்திகையில் பூத்துக் குலுங்கிய தொட்டி மாசியில் காய்ந்து நிற்கும். அப்போது வீட்டில் கேள்வி வரும்: "எவ கை பட்டுச்சோ?"

யார் கையும் படவில்லை. அதன் ஆயுள் முடிந்தது. விதையைச் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பருவத்துக்கு ஆகும்.

வாங்கும்போதே கொஞ்சம் பார்த்து வாங்கினால் பாதிப் பழி குறையும். எல்லாப் பூவும் விரிந்த செடியை எடுக்காதீர்கள், அதன் நல்ல நாள் நர்சரியிலேயே கழிந்துவிட்டது. மொட்டு அதிகமாக, குட்டையாக, பக்கக் கிளை விட்டதாக எடுங்கள். நெட்டையாக வளர்ந்தது வெளிச்சம் போதாமல் தவித்த செடி. இலையைத் திருப்பி அடியில் பாருங்கள், மாவுப்பூச்சியும் அசுவினியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கவரின் அடியைப் பாருங்கள், வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அது ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கிறது. கடியத்திலிருந்து வரும் செடிகளின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும், அது காய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. நர்சரியில் பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்ததைக் கொண்டுவந்து நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்தால் கருகும். ஒரு வாரம் அரை நிழலில் வைத்துப் பிறகு மாற்றுங்கள். மாலையில் நடுங்கள், மதியம் வேண்டாம்.

துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவோரம், டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, தினமும் பூஜைக்காக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகித்தான் சாகும். கதிரைக் கிள்ளாமல் விட்டால் முற்றிக் கட்டையாகும். கறிவேப்பிலைக் கன்று ஒன்றிரண்டு வருடம் மெதுவாகத்தான் வளரும். அதற்குள் இலை பறித்து ரசத்தில் போட்டால் பட்டுப்போகும். இத்தனை காரணத்தையும் விட்டுவிட்டு, மருமகளின் தேதியைக் கணக்குப் பார்க்கிறோம்.

செழித்தால் அது மாமியாரின் கைராசி. வாடினால் அது மருமகளின் தீட்டு. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். இந்த இரண்டு சொற்களையும் ஒரே கைதான் எழுதியிருக்கிறது.

*

"ஒரு செடியைத் தொடாதே என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று கேட்கலாம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது, அதனால்தான் அடுப்படியில் பேசாமல் இருந்தேன்.

செடியில் தொடங்குவது செடியோடு நிற்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை அருகே பருவமடைந்த ஒரு சிறுமியைச் சடங்கு முடியும்வரை வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். புயலில் தென்னை மரம் குடிசைமேல் விழுந்து அந்தக் குழந்தை இறந்துபோனாள். அவளை அங்கே வைத்தவர்கள் கொடியவர்கள் இல்லை, அவளைப் பெற்றவர்கள். நம்மைப்போல ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாயில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அந்தக் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. அவள் பட்டியல் சாதிக் குழந்தை. இரண்டு தீண்டாமைகளும் ஒரே படிக்கட்டில் வந்து சேர்ந்தன.

இரண்டும் ஒன்றுதான் என்று உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு குரல் ஒலித்திருக்கிறது. சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தபோது, நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்புரையில், மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவது அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தடைசெய்யும் தீண்டாமையின் ஒரு வடிவமே என்றார். மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. மறுஆய்வில் 2019இல் விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது. கோயில் விவகாரத்தில் நீதிமன்றங்கள் வாதாடட்டும். என் வீட்டு மொட்டைமாடியில் எந்த நீதிமன்றமும் இல்லை. அங்கே தீர்ப்பு சொல்பவள் நான்தான். இத்தனை நாள் நான் சொன்ன தீர்ப்பு, மௌனம்.

"தூரம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். "வீட்டுக்குத் தூரம்" என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! முதலில் துளசியிலிருந்து தூரம், பிறகு பூஜை அறையிலிருந்து, ஊறுகாய் ஜாடியிலிருந்து, பாயிலிருந்து, படிப்பிலிருந்து. ஒரு பெண் குழந்தை பதின்மூன்று வயதில் கற்றுக்கொள்வது செடியைப் பற்றிய பாடம் இல்லை. "உன் கை பட்டால் உயிர் போகும்" என்ற பாடம். தன் கையையே சந்தேகிக்கக் கற்றவள், நாளைக்கு அந்தக் கையால் எதை உரிமையோடு எடுப்பாள்?

*

"அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு ஓய்வு குடுக்கத்தான் இப்படி வெச்சாங்க" என்பது அடுத்த வாதம். நல்லது. ஓய்வு என்றால் படுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் விடும் வேலையைக் கணவர் செய்யட்டும், சமையலையும் அவரே செய்யட்டும். ஆனால் பார்த்திருக்கிறோமே, ஓய்வு கொடுத்த வீட்டில் பின்கட்டில் உட்காரவைத்து அவளைப் புளி கொட்டை எடுக்கச் சொன்னார்கள், அரிசியில் கல் பொறுக்கச் சொன்னார்கள். நர்சரியில் கவர் நிரப்பும் அக்காவுக்கு ஏன் அந்த ஓய்வு வரவில்லை? ஓய்வுக்கு "அசுத்தம்" என்று ஏன் பெயர்? காய்ச்சல் வந்தவருக்கும் ஓய்வு கொடுக்கிறோம். அவர் நிழல் துளசிமேல் படக்கூடாது என்று சொல்வதில்லையே.

"கடவுள் விஷயம், நம்பிக்கையில கை வைக்காதீங்க" என்பது மூன்றாவது. செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில் மாதவிடாய் நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய் வழிபடுகிறார்கள். அவர்களும் பக்தைகள்தான். துளசிவனத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டாள், தான் சூடிப் பார்த்த மாலையைத்தான் கடவுளுக்குக் கொடுத்தாள் என்று கதை சொல்கிறோம். ஒரு பெண்ணின் கூந்தல் ஒட்டிய மாலையைக் கடவுள் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று மார்கழி முழுவதும் உருகிவிட்டு, தை மாதத்தில் மகளைத் துளசி மாடத்திலிருந்து விரட்டுகிறோம்.

எங்கள் ஊரின் பெயரே பூவிருந்தவல்லி. இங்கே பிறந்த திருக்கச்சி நம்பி தினமும் பூப் பறித்து, காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். அவர் பிராமணர் இல்லை என்பதால், ராமானுஜர் வீட்டில் அவர் சாப்பிட்டுப் போனபின் இடத்தைக் கழுவி, குளித்தார்களாம். கழுவியது ராமானுஜரின் மனைவி என்று சொல்லி, பழி முழுவதையும் அந்தப் பெண் மேல் போட்டுவிட்டார்கள். அவளுக்கு அந்தத் தீட்டைச் சொல்லிக்கொடுத்த சமூகத்தைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. பூவைக் கையில் வைத்திருந்தவருக்கே தீட்டு ஒட்டியது என்றால், தீட்டுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. யார் எங்கே நிற்கவேண்டும் என்பதுதான் அதன் விஷயம்.

"பெண்களே சொல்கிறார்களே" என்பது கடைசி வாதம். ஆமாம், சொல்கிறோம். என் அம்மாதான் சொன்னார். என் அம்மாவின் அம்மா முப்பத்தைந்து வயதில் கணவனை இழந்தவர். வீட்டைச் சுற்றிக் கனகாம்பரமும் மல்லியும் வளர்த்து, தெரு முழுவதற்கும் தொடுத்துக் கொடுத்தார். ஒரு நாளும் தலையில் வைத்ததில்லை. பூவை வளர்க்கலாம், தண்ணீர் ஊற்றலாம், தொடுக்கலாம், ஆனால் சூடக்கூடாது. ஒருத்திக்கு மூன்று நாள் தூரம், இன்னொருத்திக்கு ஆயுள் முழுவதும் தூரம். அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர் என் அம்மா. அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆனால் வரிசையை என்னோடு நிறுத்திவிடலாம்.

*

கரையான்சாவடியிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் மதுரவாயல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கள ஆய்வகம் அங்கே இருந்தது. அங்கே தன் கடைசி ஆண்டுகளில் செடிகளோடு வாழ்ந்து, 1984 பிப்ரவரியில் இறந்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைக் கலப்பினம் செய்தவர். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்டவர். லண்டனுக்கு அருகே விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா வகை ஒன்றுக்கு அவர் பெயரே இருக்கிறது. கொடைக்கானலில் வீரராகவன் தம்பதியர் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கும் அவர் பெயர். தீயர் சாதியில் பிறந்த பெண், திருமணம் செய்யாத பெண். சாதியின் பெயராலும் பெண் என்பதாலும் வந்த ஒதுக்கலையெல்லாம் தாண்டி வந்தவர்.

அவர் வாழ்நாள் முழுவதும் செடிகளைத் தொட்டார். மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவினார், வேர்நுனியை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தார். மாதத்தில் எல்லா நாளும் தொட்டார். எந்தச் செடியும் வாடவில்லை, புதிய செடிகள் பிறந்தன. நம் வீட்டுப் பெண்களுக்கு மதுரவாயலைச் சுங்கச்சாவடி என்றும் மேம்பாலம் என்றும் தெரியும். ஜானகி அம்மாளைத் தெரியாது. "தொடாதே" என்று சொல்லும் வாயால் இந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

*

மறுபடியும் நர்சரிக்கு வருகிறேன். அந்த அக்காவிடம் கேட்டேன்: "அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா செடி வாங்குவாங்களா? ஓனர் என்ன சொல்லுவாரு?" என்றார். பிறகு, "அதை விடும்மா. இங்க பாத்ரூம் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டம். மத்தியானம் வீட்டுக்குப் போய் மாத்திட்டு ஓடிவரணும்" என்றார்.

இதுதான் விஷயம். மாதவிடாயில் இருக்கும் பெண்ணால் செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. செடி வளர்க்கும் இடத்தில், மாதவிடாயில் இருக்கும் பெண்ணுக்குத்தான் கெடுதல். எட்டு மணி நேரம் ஈரமண்ணில் குந்தி உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு கழிப்பறை இல்லை. மண் மூட்டை தூக்கும் ஆணுக்கு ஒரு கூலி, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்தது 1976இல். "அது வேற வேலை, இது வேற வேலை" என்று சொல்லியே அந்தச் சட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். நாமோ போய், முப்பது ரூபாய்ச் செடியை இருபத்தைந்துக்குக் கேட்டு வாங்கிவந்து, "நல்லா பேரம் பேசினேன்" என்று பெருமைப்படுகிறோம். நானும் பட்டிருக்கிறேன்.

துளசியின் சுத்தத்தைப் பற்றி நமக்கிருந்த கவலையில் கால்வாசி, அந்தக் கழிப்பறையைப் பற்றி இருந்திருக்கலாம். ஆகவே தோழிகளே, அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். எந்த நாளாக இருந்தாலும் உள்ளே போய், உங்கள் கையால் இலையைத் திருப்பிப் பார்த்துச் செடியைத் தேர்வு செய்யுங்கள். "இங்க வேலை செய்றவங்களுக்கு பாத்ரூம் எங்க?" என்று உரிமையாளரிடம் சத்தமாகக் கேளுங்கள், வாடிக்கையாளர் கேட்டால் காதில் விழும். கூட ஒரு பெண் குழந்தை இருந்தால், செடியை அவளைத் தூக்கிவரச் சொல்லுங்கள்.

அன்று நாங்கள் நான்கு செண்டுமல்லி, இரண்டு ஜினியா, ஒரு வாடாமல்லி வாங்கினோம். கூடவே ஒரு நித்தியகல்யாணி. "அது சுடுகாட்டுப் பூ, வீட்டுல வைக்கக் கூடாது" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் அறிவுரை சொன்னார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து ஒன்று அந்தச் செடியிலிருந்துதான் கிடைக்கிறது என்றேன். ஒதுக்கிவைக்கப்பட்டதெல்லாம் விஷம் இல்லை.

அடுத்த மாதம் மகளுக்கு அந்த நாள் வந்தபோது, நீர்ச்சொம்பை அவள் கையில் கொடுத்தேன். என் அம்மா ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள், துளசிக்கு ஊற்றினாள், கதிரைக் கிள்ளினாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் செடிகளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மாசியில் செண்டுமல்லி காய்ந்தது. "ஏன்டி வாடிச்சு?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"அதோட வயசு ஆயிடுச்சு பாட்டி" என்றாள் அவள், விதையை உதிர்த்துக்கொண்டே.